குற்றாலத்தில் லேப்டாப், மும்பையில் டேட்டாபேஸ்: ‘டைம்டு அவுட்’ வந்தால் எங்கே தேடுவது?

ஜூலை கடைசிச் சனிக்கிழமை. குற்றாலத்தில் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு லாட்ஜ் அறைக்குத் திரும்பிய நண்பரின் போனில் ஏழு மிஸ்டு கால்கள். தென்காசியில் இருந்தபடியே கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிப்பவர் அவர். ஒரு ஜவுளிக்கடையில் ஒரே பில் இரண்டு முறை பதிவாகி, மாதக் கணக்கு இடிக்கிறது. சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரி இருப்பது மும்பையில் உள்ள ஒரு கிளவுட் சர்வரின் டேட்டாபேஸில்.

தலையைக்கூடத் துவட்டாமல் லேப்டாப்பைத் திறந்தார். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்தார். கனெக்ட் பொத்தானை அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’. காலையில் வீட்டில் இருந்து இதே லேப்டாப், இதே பாஸ்வேர்டில் வேலை செய்திருக்கிறது.

“எல்லா ஐபிக்கும் ஓப்பன் பண்ணி விட்டுட்டு முடிச்சிரலாம்ல? அஞ்சு நிமிஷந்தானே...” என்றார் என்னைப் பார்த்து.

இந்த ‘அஞ்சு நிமிஷம்’ பற்றிப் பிறகு பேசுவோம். தென்காசிப் பக்கம் இப்படி ஒரு சனிக்கிழமை இப்போது புதிதல்ல. 2011-ல் ஸோஹோ நிறுவனம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தபோது, கிராமத்தில் இருந்து உலகத்துக்கு மென்பொருளா என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு கொரோனா வந்தது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள் ஊர் திரும்பி, மொட்டை மாடியில் உட்கார்ந்து மீட்டிங் பேசப் பழகினார்கள். ஆள் ஊரில், டேட்டா எங்கோ. இடையில் இருக்கும் பாதையில் அடைப்பு வந்தால் எங்கே தேடுவது என்று தெரிந்திருப்பது இந்த வேலையில் பாதி.

பிழைச் செய்தி என்ன சொல்கிறது?

பெரும்பாலானவர்கள் பிழைச் செய்தியைப் படிப்பதே இல்லை. ‘கனெக்ட் ஆகல’ என்று மொத்தமாகச் சொல்லிவிடுவார்கள். அங்கேதான் பாதி நேரம் வீணாகிறது. ஒரு போன் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்பர் போட்டால் ரிங்கும் இல்லை, குரலும் இல்லை, கொஞ்ச நேரத்தில் தானாகக் கட் ஆகிறது. இதுதான் ‘டைம்டு அவுட்’. லினக்ஸில் பிழை எண் 110, விண்டோஸில் 10060. நீங்கள் அனுப்பிய பாக்கெட் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது, அல்லது யாரோ சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்த ‘யாரோ’ பெரும்பாலும் ஃபயர்வால்.

அடித்த உடனே எடுத்து, “இங்க அப்படி யாரும் இல்லை” என்று வைத்துவிட்டால் அது ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. லினக்ஸில் 111, விண்டோஸில் 10061. சர்வர் வரை பெரும்பாலும் போய்விட்டீர்கள். அந்தப் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்க யாரும் இல்லை. டேட்டாபேஸ் நின்றுபோயிருக்கலாம், வேறு போர்ட்டில் ஓடலாம். (சில ஃபயர்வால்கள் இப்படி முகத்தில் அறைந்து மறுக்கும்படியும் அமைக்கப்பட்டிருக்கும். ஆனால் கிளவுட்டில் சத்தமில்லாமல் போடுவதுதான் வழக்கம்.)

எடுத்துப் பேசி, “நீங்க யாரு, தெரியலையே” என்றால் ‘ஆக்சஸ் டினைடு’. இது கிட்டத்தட்ட நல்ல செய்தி. நெட்வொர்க் சரியாக இருக்கிறது. பிரச்சினை பெயரிலோ பாஸ்வேர்டிலோ அனுமதியிலோதான். இந்தச் செய்தி வந்த பிறகும் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம்பரே கிடைக்கவில்லை என்றால் ‘அன்நோன் ஹோஸ்ட்’. இது டிஎன்எஸ் சமாச்சாரம்.

பெயர் இருக்கிறது, முகவரி எங்கே?

கிளவுட் டேட்டாபேஸுக்கு நீளமான ஒரு பெயர் கொடுப்பார்கள். அதை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். இது சறுக்கினால் எவ்வளவு பெரிய இடமும் விழும். 2025 அக்டோபர் 20, தீபாவளி அன்று மதியம் நம் நேரப்படி 12 மணிக்கு மேல், அமேசான் கிளவுட்டின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் நடந்தது இதுதான். டைனமோடிபி என்ற அவர்களுடைய டேட்டாபேஸ் சேவைக்கான டிஎன்எஸ் பதிவு காலியாகிவிட்டது. பதிவுகளைத் தானாகப் புதுப்பிக்கும் மென்பொருளின் இரண்டு பிரதிகள் ஒன்றை ஒன்று முந்தப்போய், ஒன்று எழுதியதை இன்னொன்று அழித்துவிட்டது. டேட்டாபேஸ் நன்றாகத்தான் இருந்தது. அதன் முகவரியைச் சொல்லத்தான் ஆள் இல்லை. ஸ்னாப்சாட், சிக்னல் உட்பட உலகம் முழுக்க ஏராளமான செயலிகள் தடுமாறின.

உங்கள் பக்கம் இதைச் சோதிக்க ‘என்எஸ்லுக்கப்’ கட்டளையில் டேட்டாபேஸின் பெயரைக் கொடுங்கள். பதிலே வராவிட்டால் டிஎன்எஸ். பதில் வந்தாலும் அந்த எண்ணைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 192.168 என்று தொடங்கினாலோ, 172.16-க்கும் 172.31-க்கும் இடையில் இருந்தாலோ அது கிளவுட்டுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகும் தனி முகவரி. தென்காசியில் இருந்து நேராக அங்கே போக முடியாது. நாள் முழுக்க முயன்றாலும் டைம்டு அவுட்தான் வரும். அந்த டேட்டாபேஸை ‘வெளியில் இருந்து வராதே’ என்று யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

நண்பரின் டேட்டாபேஸ் பொது முகவரியைத்தான் காட்டியது. ஆக, அடுத்த படி.

பிங் ஓடலையே!

“பிங் பண்ணிப் பார்த்தேன், சர்வரே டவுன்” என்று சொல்வதை அடிக்கடி கேட்கலாம். அவசரப்படாதீர்கள். கிளவுட் சர்வர்களில் பிங்குக்குப் பதில் சொல்லும் வழி பொதுவாக அடைத்துத்தான் இருக்கும். பிங்குக்குப் பதில் வராத சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கலாம். பிங்குக்குப் பதில் தரும் சர்வரில் டேட்டாபேஸ் செத்துக் கிடக்கலாம். கதவு திறந்திருக்கிறதா என்று அறிய, தெருவில் நின்று ஊர்ப்பெயரைக் கேட்பதுபோல்தான் அது.

சோதிக்க வேண்டியது போர்ட்டை. போஸ்ட்கிரெஸ் என்றால் 5432, மைஎஸ்கியூஎல் 3306, மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 1433, மாங்கோடிபி 27017. லினக்ஸிலும் மேக்கிலும் ‘என்சி’ கட்டளை, விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்’. பெயரும் போர்ட் எண்ணும் கொடுத்தால் சில நொடிகளில் பதில் வந்துவிடும்.

இதில் ஒரு விஷயம் பலருக்கு உறைப்பதில்லை. அடைப்பு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல ஹோட்டல், கல்லூரி, அலுவலக வைஃபைகளில் இணையப் பக்கங்களுக்கான 80, 443 போர்ட்கள் தவிர மற்றவை வெளியே போகவே விடாது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒருமுறை, பிறகு நேர்மாறாக ஒருமுறை முயன்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலு விஷயத்தை ஒரேயடியாக மாற்றி, அதில் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்பது கடைசிவரை தெரியாது.

லாட்ஜ் வைஃபையிலும் அதே டைம்டு அவுட். நண்பர் கிளவுட் கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து செக்யூரிட்டி குரூப்பைத் திறந்தார்.

வீட்டு ஐபி வேறு, ஹாட்ஸ்பாட் ஐபி வேறு

செக்யூரிட்டி குரூப் என்பது சர்வர் வாசலில் நிற்கும் காவலாளியின் கையில் உள்ள பட்டியல். எந்த முகவரியில் இருந்து, எந்தப் போர்ட்டுக்கு வரலாம் என்று அதில் இருக்கும். இல்லாதவருக்குப் பதிலே கிடையாது. நண்பரின் பட்டியலில் அலுவலக முகவரியும் தென்காசி வீட்டு ஃபைபர் இணைப்பின் முகவரியும் மட்டும் இருந்தன. குற்றாலத்துக்கு வந்ததும் இணையம் வேறு, முகவரியும் வேறு. விஷயம் அவ்வளவுதான் என்று இருவரும் நினைத்தோம்.

கூகுளில் ‘என் ஐபி என்ன’ என்று தேடினார். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான முகவரி வந்தது. அதைப் பட்டியலில் சேர்த்தார். சேமித்தார். மறுபடியும் முயன்றார்.

டைம்டு அவுட்!

இங்கேதான் எங்களுக்குக் கால் மணி நேரம் போனது. வந்தது ஐபிவி6 முகவரி. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத்தில் உள்ள போன்களுக்கும் கருவிகளுக்கும் அவை போதாது. அதனால் நம் மொபைல் நெட்வொர்க்குகள் ஐபிவி6-க்குப் போய்விட்டன. ஆனால் நண்பரின் டேட்டாபேஸுக்கு ஐபிவி4 முகவரி மட்டும்தான் உண்டு. போன் அதோடு பேச வேண்டுமென்றால், மொபைல் நிறுவனத்தின் உள்ளே ஒரு மொழிபெயர்ப்பு நடந்து, வேறொரு ஐபிவி4 முகவரியின் வழியாக வெளியே போகும். கூகுள் பார்த்தது ஒரு முகவரி, மும்பைக் காவலாளி பார்த்தது இன்னொன்று.

சரி, அந்த ஐபிவி4 முகவரியைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடலாமே? ஐபிவி4-ஐ மட்டும் காட்டும் தளங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த முகவரி நண்பருடையது அல்ல. ஒரு பெரிய அபார்ட்மென்ட்டுக்கே ஒரு கதவு எண் என்பதுபோல, ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். நண்பருக்கு வழிவிட்டால், அதே முகவரிக்குப் பின்னால் இருக்கும் முகம் தெரியாத அத்தனை பேருக்கும் வழிவிட்டதாகிறது. சற்று நேரம் கழித்து அந்த முகவரியே மாறவும் செய்யலாம். (உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் இருந்தால், வீட்டு இணைப்பிலும் இதே பகிர்வுதான் நடக்கிறது.)

அஞ்சு நிமிஷம் என்றால் எவ்வளவு?

இப்போது அந்தப் பழைய யோசனைக்கு வருவோம். பட்டியலில் 0.0.0.0/0 என்று ஒரு வரி போட்டால் போதும், உலகத்தில் யாரும் எங்கிருந்தும் அந்தப் போர்ட்டைத் தட்டலாம். அஞ்சு நிமிஷம் கழித்து எடுத்துவிட்டால் என்ன?

2013-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இஸட்மேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே கம்ப்யூட்டரில் இருந்து, ஐபிவி4 இணையம் முழுவதிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். அடுத்த வருடமே, 10 கிகாபிட் இணைப்பு இருந்தால் அது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்று காட்டினார்கள். நண்பர் கேட்ட அதே அஞ்சு நிமிஷம்!

திறந்து கிடந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு 2017 ஜனவரி சாட்சி. பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்திருந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்களுக்குள் ஆட்கள் புகுந்து, உள்ளே இருந்ததை அழித்துவிட்டு, 0.2 பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பை வைத்துவிட்டுப் போனார்கள். மாதத்தின் இரண்டாம் வாரத்துக்குள் எண்ணிக்கை 25,000-ஐத் தாண்டியது. பணம் கட்டியும் டேட்டா திரும்பாதவர்கள் உண்டு. பல இடங்களில் நகலே எடுக்காமல் அழித்திருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பில் இருந்து, மாங்கோடிபி தன் கம்ப்யூட்டருக்கு உள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே இயல்பாகக் கேட்கும்படி மாற்றப்பட்டது.

இன்னும் பழைய கதை வேண்டுமா? 2003 ஜனவரி 25. ஸ்லாமர் என்ற 376 பைட் அளவே உள்ள வைரஸ், 1434 போர்ட் திறந்திருந்த மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர்களைத் தேடித்தேடிப் பிடித்தது. பிடிபட்டவற்றில் பத்தில் ஒன்பது, முதல் பத்து நிமிடத்திலேயே பிடிபட்டன. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தது.

ஜவுளிக்கடை டேட்டாபேஸ்தானே என்று தோன்றலாம். அதில் வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், யார் எப்போது என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. சைபர் சம்பவம் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவு. குற்றாலத்தில் ஈரத்துண்டோடு உட்கார்ந்து எடுக்கும் முடிவுக்கு இதெல்லாம் பொருந்தும்.

வாசலைத் தாண்டினாலும்...

காவலாளி விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் மென்பொருளுக்கே தனியாக ஒரு கதவு உண்டு. போஸ்ட்கிரெஸை நீங்களே நிறுவினால், இயல்பில் அது 127.0.0.1 என்ற தன் சொந்த முகவரியில் மட்டும்தான் காது கொடுக்கும். வெளியில் இருந்து வருபவருக்கு ‘ரெஃப்யூஸ்டு’. கேட்கும்படி மாற்றிய பிறகும், யாரை எந்த முகவரியில் இருந்து அனுமதிப்பது என்று இன்னொரு கோப்பில் எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் பயனரின் பெயரோடு அவர் வரும் இடமும் ஒட்டியிருக்கும். உள்ளிருந்து வரும் ‘ஆப்’ என்ற பயனரும் வெளியில் இருந்து வரும் ‘ஆப்’ பயனரும் அதற்கு இரண்டு வெவ்வேறு ஆட்கள். சரியான பாஸ்வேர்டு போட்டும் உள்ளே விடவில்லை என்று புலம்பும் பலருக்குக் காரணம் இதுதான்.

இந்த மறுப்புச் செய்திகளில் ஒரு புதையல் இருக்கிறது. உங்களை எந்த முகவரியில் இருந்து வருபவராக சர்வர் பார்க்கிறது என்பது அதிலேயே எழுதியிருக்கும். எந்தத் தளத்திலும் தேட வேண்டாம்.

கனெக்ட் ஆனது, ஆனால் நிற்கவில்லை

இது இன்னொரு ரகம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இணைப்பு செத்திருக்கும். காலையில் முதல் வாடிக்கையாளருக்கு மட்டும் பிழை வரும், இரண்டாவது முறை சரியாகிவிடும். நடுவில் இருக்கும் கருவிகள் சும்மா கிடக்கும் இணைப்புகளைச் சத்தமில்லாமல் மறந்துவிடுவதுதான் காரணம். அமேசானின் நாட் கேட்வேயில் இதற்கான கெடு 350 விநாடி. அசூர் லோட் பேலன்சரில் இயல்பான கெடு 4 நிமிடம். ஆனால் ‘இன்னும் இருக்கியா’ என்று லினக்ஸ் முதல்முறை கேட்பது 7,200 விநாடிக்குப் பிறகு, அதாவது 2 மணி நேரம் கழித்து. இந்தக் ‘கீப்அலைவ்’ நேரத்தை ஒன்றிரண்டு நிமிடமாகக் குறைத்தால் போதும். இதற்காக சர்வரின் திறனைக் கூட்டி மாதாமாதம் காசு கொட்டியவர்களும் இருக்கிறார்கள்.

சின்னக் கேள்விக்குப் பதில் வருகிறது, பெரிய பட்டியல் கேட்டால் தொங்குகிறது என்றால் விபிஎன்னின் பாக்கெட் அளவைச் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றால் தூரத்தைக் கணக்குப் போடுங்கள். தென்காசியில் இருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். போய்வரக் குறைந்தது 12 மில்லி விநாடி. சுற்றுவழி, இடையில் நிற்கும் கருவிகள் எல்லாம் சேர்த்து 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தைக் காட்ட உங்கள் நிரல் 200 முறை தனித்தனியாகக் கேட்டால் 8 விநாடி. இதே டேட்டாபேஸ் அமெரிக்காவில் இருந்து, போய்வர 250 ஆனால் 50 விநாடி. இதை எந்த நெட்வொர்க் இன்ஜினீயராலும் சரிசெய்ய முடியாது. கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டியதுதான்.

சுரங்கப் பாதை

கடைசியில் நண்பர் எப்படி உள்ளே போனார்? பட்டியலில் சேர்த்த ஐபிவி6 வரியை முதலில் எடுத்தோம். டேட்டாபேஸுக்குப் பக்கத்தில், அதே கிளவுட்டுக்குள் அவர்களுக்கு ஒரு சின்ன சர்வர் இருந்தது. அந்த சர்வரில் கிளவுட் நிறுவனத்தின் ஏஜென்ட் ஓடுகிறது. அது தானே வெளியே பேசும். அதற்காக உள்ளே வர எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை. நண்பர் தன் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்போடு நுழைந்து, 443 வழியாக அதனுடன் ஒரு பாதை போட்டார். லேப்டாப்பின் 5433 போர்ட்டில் தட்டினால், அது மும்பையில் 5432-ல் போய்த் திறக்கும். டேட்டாபேஸ் கருவியில் முகவரி 127.0.0.1 என்று மாற்றினார்.

உடனே சான்றிதழ் பிழை. சான்றிதழில் இருப்பது டேட்டாபேஸின் நீளப் பெயர், இவர் கூப்பிட்டதோ 127.0.0.1. பலர் இந்த இடத்தில் எரிச்சலாகிச் சரிபார்ப்பையே அணைத்துவிடுவார்கள். தேவையில்லை. போஸ்ட்கிரெஸில் பெயரைத் தனியாகவும் முகவரியைத் தனியாகவும் கொடுக்க வழி இருக்கிறது. பெயர் பழையபடி, முகவரி மட்டும் 127.0.0.1. போனது.

இரட்டைப் பில்லை எடுக்க நாற்பது விநாடி ஆகியிருக்கும். ஜவுளிக்கடைக்காரரிடம் பேசிவிட்டு, “பிரானூருக்குப் போவமா, பரோட்டா தீர்ந்துரும்” என்று எழுந்தவர், மூடப்போன செக்யூரிட்டி குரூப் பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினார். அடியில் இன்னொரு வரி இருந்தது. போர்ட் 3306, 0.0.0.0/0, குறிப்பு: ‘தற்காலிகம்’. பழைய டெஸ்ட் சர்வருக்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்டது.

“இது யாரு போட்டது?” என்றேன்.

நண்பர் பதில் சொல்லாமல் நீக்கு பொத்தானை அழுத்தினார். மறுபடி உட்கார்ந்து, அந்த சர்வரின் பழைய லாக்கைத் திறந்தார். பரோட்டாவுக்குப் போக இரவு பத்து மணி ஆகிவிட்டது.